ஒளித்து வைத்த அவரை

இம்முறை ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டபோது, மொழிப்பற்றைக் குறித்தோ, புலம்பெயர் மண்ணில் பண்பாட்டைப் பேணுதல் குறித்தோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவை பற்றி எழுத என்னிலும் தகுதி வாய்ந்தோர் இம்மலரிலேயே உளர். நான் எழுதப் புகுவது கேக்கைப் பற்றி. அதிலும், உண்பவர் அறியாதவாறு அரைத்துக் கேக்கினுள் சேர்க்கப்படும் அவரை விதையைப் பற்றி. சிரிக்க விரும்பும் மாணவர்கள் இப்பொழுதே சிரித்துவிடலாம். பெற்றோர் மட்டும் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டின் அமைதியைச் சில கிழமைகள் குலைத்த விடயம் இது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. வன்னியில் இடைநிலை வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தவன் நான். 2009 இன் பின் முகாம், கடல் கடந்த பயணம், அகதி விண்ணப்பம், காத்திருப்பு என்று சில ஆண்டுகள் கழிந்து இந்நாட்டில் நிலைகொண்டேன். வார நாட்களில் ஒரு களஞ்சியசாலையில் வேலை; சனிக்கிழமைகளில் உங்கள் பிள்ளைகளோடு. ஆகவே சமையற்கலையில் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கில்லை. எங்கள் வீட்டுக் குசினியில் எனக்கு உள்ள அதிகாரம் பாத்திரம் கழுவுவதோடு முடிகிறது.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. பருப்புக்கறியில் ஒரு கரண்டி சோற்றில் விட்டால் கோப்பையைத் தள்ளிவிடுவாள். கடலை, கௌபி, உழுந்து எதனையும் தொடமாட்டாள். சென்ற மாரிகாலத்தில் என் மனைவி, தன்னோடு வேலை செய்யும் ஒருவரிடமிருந்து ஒரு செய்முறையை அறிந்து வந்தார். கடைகளில் தகரப்பேணியில் 'பிளாக் பீன்ஸ்' என்ற பெயரோடு விற்கப்படும் கறுத்த அவரை விதையைக் கழுவி, பசையாக அரைத்து, முட்டை, கொக்கோ, சீனி, எண்ணெய் சேர்த்து வெதுப்பினால் சொக்லேட் பிரௌனி கிடைத்துவிடுமாம். கோதுமை மாவே வேண்டாமாம். செய்து பார்த்தார். மகள் மூன்று துண்டு உண்டாள். மறுநாள் பாடசாலைக்கும் கொண்டுபோனாள். அவள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்து என் மனைவி புன்னகைத்த புன்னகை, ஒரு பெரும் போரில் வென்ற தளபதியின் புன்னகை.

நானும் அதற்கு உடந்தை என்பதை மறைக்கக் கூடாது. வெறும் பேணிகளைப் பழைய பத்திரிகையில் சுற்றி மீள்சுழற்சித் தொட்டியின் அடியில் இடுவது என் பொறுப்பாயிற்று. இப்படியே ஐந்தாறு கிழமைகள் சென்றன. ஒரு வியாழக்கிழமை காலை தொட்டியை வாசலுக்கு எடுத்துப்போகுமாறு மகளிடமே சொல்லிவிட்டேன். தொட்டி சரிந்தது. மூன்று பேணிகள் உருண்டன.

"அப்பா, நாங்கள் இதைச் சாப்பிடுறேல்லையே. இது ஆருக்கு?"

வகுப்பில் நின்று, 'கண்டதை எழுது, காணாததை எழுதாதே' என்று பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். எனக்குப் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. "வேறை என்னத்துக்குள்ளை என்ன போட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கேள்வி அன்றோடு முடியவில்லை. இட்டலியைப் பிளந்து பார்த்தாள். பாலை முகர்ந்தாள். தோசைக்குள் இருப்பது வெறும் உருளைக்கிழங்குதானா என்று தாயாரிடம் சத்தியம் கேட்டாள். முன்னர் விரும்பி உண்டவற்றிலும் பாதியைக் கைவிட்டாள். அவளுடைய உணவில் ஒரு கரண்டி அவரையைக் கூட்டப் போய், அவள் உண்ணும் உணவுகளின் தொகையையே நாம் குறைத்துவிட்டோம்.

இவ்வாறு ஒளித்து ஊட்டுவது புதிய தந்திரமன்று. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு இரு சமையல் நூல்கள் வெளிவந்து பெரிதும் பேசப்பட்டன. ஒன்று மிசி சேஸ் லப்பைன் எழுதியது. மற்றையது ஜெசிக்கா சைன்ஃபெல்ட் எழுதியது. மரக்கறிகளையும் பயறு வகைகளையும் மசித்துப் பிள்ளைகள் விரும்பும் பண்டங்களுள் மறைத்துவிடுதலே இரண்டினதும் வழி. இரண்டாம் நூலின் சொக்லேட் பிஸ்கற்றுக்குள் கொண்டைக்கடலை உண்டு. இந்நூல்களை எழுதிய தாய்மாரை நான் குறைகூறவில்லை. வேலையால் களைத்து வந்து, உண்ண மறுக்கும் பிள்ளையின் முன் கரண்டியோடு நிற்கும் எவருக்கும் இந்தத் தந்திரம் ஒரு வரமாகவே தோன்றும்.

தந்திரம் பலிப்பதற்கும் காரணம் உண்டு. வெந்த அவரை விதையில் மாப்பொருளும் புரதமும் நிறைந்துள்ளன. அரைத்தால் அது மாவைப் போலவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை அதனை இறுகச் செய்யும். கோதுமையில் உள்ள இழுபடும் புரதம் இதில் இல்லாமையால் பஞ்சுபோல எழும்பாது; ஆனால் பிரௌனி எழும்ப வேண்டிய பண்டமன்று, கனத்து ஈரமாக இருக்க வேண்டியது. கொக்கோவின் கருமை அவரையின் நிறத்தையும், அதன் கசப்பு அவரையின் மண்வாசனையையும் மூடிவிடும். வெள்ளை அவரையாயின் வனிலாக் கேக்கினுள் மறையும். கொண்டைக்கடலைப் பேணியில் எஞ்சும் நீரைக்கூட முட்டை வெள்ளைக்கருவைப் போல நுரைக்க அடிக்கலாம் என்பதை 2014 இல் பிரான்சைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் என்பவர் கண்டறிந்து வெளியிட்டார். நாம் காலங்காலமாகக் கடலை அவித்து வடித்து ஊற்றிய நீர் அது! விஞ்ஞான ஆசிரியனாக இவற்றையெல்லாம் வியக்கிறேன்.

ஆயினும் வியப்பு வேறு, கணக்கு வேறு. கணக்கைப் பார்ப்போம். மாணவர்களும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

400 கிராம் பேணி ஒன்றை வடித்தால் ஏறத்தாழ 240 கிராம் அவரை தேறும். அதில் உள்ள நார்ச்சத்து ஏறக்குறைய 16 கிராம். கேக்கைப் பதினாறு துண்டாக வெட்டினால் துண்டொன்றுக்குச் சுமார் ஒரு கிராம். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டும் என்று இந்நாட்டில் பரிந்துரைக்கப்படுவதோ 20 கிராம். என் மனைவி கொண்டுவந்த செய்முறையில் சீனி 200 கிராம். அதாவது துண்டொன்றுக்குப் பன்னிரண்டரைக் கிராம். 7 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு உணவிற் சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு 24 கிராமைத் தாண்டலாகாது என்பதும் இந்நாட்டு வழிகாட்டலே. இரண்டு துண்டிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. முதல் நாள் எங்கள் மகள் உண்டது மூன்று துண்டு. மூன்று கிராம் நார்ச்சத்தை ஊட்டுவதற்காக முப்பத்தேழரைக் கிராம் சீனியை ஊட்டியிருக்கிறோம். அதற்காகப் பெருமையும் பட்டிருக்கிறோம்.

ஒரு நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வழமையான பிரௌனியில் அள்ளிப் போடப்படும் பட்டர் இதில் இல்லை. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயோடு வேலை முடிகிறது. அது உண்மையான சேமிப்பு. ஆனால் 'பயறு போட்ட கேக்தானே' என்ற நினைப்பில் இரண்டு உண்பவர் மூன்று உண்பாராயின் அச்சேமிப்பும் போயிற்று. இத்தவறு பிள்ளைகளுடையது மட்டுமன்று. தெற்காசிய மரபினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு இந்நாட்டு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அதுவும் இளவயதிலேயே வருகிறது. நம் விழாக்களின் சிற்றுண்டி மேசையைச் சுற்றி நிற்போரை எண்ணிப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியோ சர்க்கரையோ போட்டுவிட்டோம் என்று மனநிறைவு கொள்வோர் உளர். நாட்டுச் சரக்கு என்பதற்காக நமது குருதி அவற்றுக்குத் தனிச் சலுகை காட்டுவதில்லை.

அதே அவரையை, அல்லது கடலையை, ஒளிக்காமல் ஒரு சிறு கிண்ணத்தில் 80 கிராம் அவித்துத் தாளித்துக் கொடுத்தால் ஏறத்தாழ 6 கிராம் நார்ச்சத்துக் கிடைக்கும். சீனி சேர்க்கத் தேவையில்லை. சரசுவதி பூசைக்குக் கோயிலில் கையில் வாங்கி உண்கிறோமே, அந்த அளவுதான். ஆறு துண்டுப் பிரௌனி செய்யும் வேலையை ஒரு கைப்பிடிக் கடலை செய்துவிடுகிறது. ஆகவே ஒளித்து வைத்தல் என்பது சிறு பயனுக்காகச் செய்யப்படும் பெரிய முயற்சி என்பதே என் கருத்து.

'அந்தக் கடலையைத்தான் பிள்ளை தொடவில்லையே!' என்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு விடை கிடந்தது. நான்தான் அதனைப் பல காலம் காணாதிருந்தேன். பருப்பைத் தள்ளிவிடும் என் மகள் கொழுக்கட்டையை விரும்பி உண்பாள். கொழுக்கட்டைக்குள் பயறு இருப்பதை அவள் நன்கு அறிவாள். அவளுடைய அம்மம்மா இங்கு வந்திருந்தபோது, வறுத்து அவித்த பயற்றோடு தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உள்ளுடன் குழைத்ததும், ஏலக்காய் மணக்க மணக்க அதை உருட்டியதும் அவள்தான். பாதியை உருட்டும்போதே உண்டுவிட்டாள் என்று அம்மம்மா முறைப்பாடு செய்தார். அவளுக்குப் பயற்றின் மீது பகை எதுவுமில்லை. எதிர்பாராத இடத்தில், சொல்லப்படாமல், எவரோ தனக்குள் செலுத்தப் பார்க்கும் பொருள் மீதுதான் பகை.

நம் பலகாரங்களை நினைத்துப் பாருங்கள். பயறும் பருப்பும் இல்லாத இனிப்பு நம்மிடம் எத்தனை உண்டு? பயற்றம்பணியாரம் தன் பெயரின் முற்பகுதியிலேயே பயற்றைச் சுமந்து நிற்கிறது. பயற்றை வறுத்து, திரித்து, சீனிப்பாகில் உருட்டி, மாக்கரைசலில் தோய்த்துப் பொரித்த அந்த உருண்டையைக் கடித்தவுடன் உள்ளே இருப்பது கண்ணுக்கும் நாவுக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துப் பொங்கலில் வறுத்த பயறு அரிசியோடு சேர்ந்தே பொங்குகிறது. மோதகம், உழுத்தங்களி எல்லாம் அப்படியே. உழுத்தங்களியைப் பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு கொடுக்கும் தாய்மார், 'இது உழுந்து, உன் இடுப்புக்குப் பலம்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிள்ளை முகம் சுளித்தே உண்டது. ஆனால் எதை உண்கிறோம் என்று அறிந்து உண்டது.

இலங்கையில் பிறந்த பெற்றோர் எவரும் திரிபோஷாவை மறந்திருக்க முடியாது. 1970களிலிருந்து தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அரசினால் இலவசமாக வழங்கப்பட்ட, சோளமும் சோயா அவரையும் கலந்த சத்துமா அது. கிளினிக்கில் பொதியை வாங்கி வந்து, தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்துத் தருவார் அம்மா. அதுவும் அவரை விதையால் ஆன இனிப்புத்தான். அதில் சோயா இருப்பதை யாரும் நமக்கு ஒளிக்கவில்லை. பொதியைத் தாயறியாமல் திறந்து மாவாகவே அள்ளி வாயில் போட்டு, புரையேறி அகப்பட்டுக்கொண்டதுதான் நமக்குள் இருந்த ஒரே ஒளிப்பு.

இது நமக்கு மட்டும் உரியதுமன்று. யப்பானியர் 'அஸுகி' என்னும் சிறிய சிவந்த பயற்றை அவித்து மசித்துச் சீனி சேர்த்த இனிப்பை உணவின் நடுநாயகமாக வைத்திருக்கிறார்கள். 1874 இல் தோக்கியோவின் கிமுராயா வெதுப்பகத்தார் அதைப் பாணுக்குள் வைத்துச் சுட்டார்கள். மறு ஆண்டு அது பேரரசர் மெய்ஜிக்கே பரிமாறப்பட்டது. சீனரின் நிலாப்பணியாரத்துள்ளும் சிவந்த பயற்றுப் பசை உண்டு. போர்த்துக்கல்லின் டொரெஸ் வெட்ராஸ் ஊர் வெள்ளை அவரையும் வாதுமையும் சேர்ந்த சிறு இனிப்புக்குப் பெயர்பெற்றது. அதன் பெயரே 'அவரைப் பணியாரம்' என்று பொருள்படுவது. அமெரிக்காவில் கறுப்பின முசிலிம் மக்கள் அவரையில் செய்யும் இனிப்புப் பையைத் தம் அடையாளமாகவே தெருவில் நின்று விற்றார்கள். இவர்களுள் எவரும் அவரையை ஒளிக்கவில்லை. பெயர் சொல்லி விற்றார்கள். பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

பெயர் என்றதும் என் வகுப்பறைக்கு வருகிறேன். இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்தமைக்கு உண்மையான காரணம் அங்கேதான் உண்டு.

வீட்டில் இக்கலகம் நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை எட்டுச் சிறு பைகளில் பயறு, உழுந்து, கடலை, கௌபி, துவரை, கொள்ளு, மொச்சை, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றை இட்டுக்கொண்டு போனேன். பன்னிரண்டு மாணவர்கள். ஒவ்வொன்றாகக் காட்டித் தமிழ்ப்பெயர் கேட்டேன். 'பீன்ஸ்', 'பீன்ஸ்', 'லெண்டில்ஸ்' என்றே விடைகள் வந்தன. தோல் நீக்காத உழுந்தைக் கண்ட ஒரு மாணவன் 'கல்' என்றான். தோசையும் வடையும் உண்டு வளரும் பிள்ளை, உழுந்தைக் கல் என்கிறான். ஆனால் பயற்றைக் காட்டியபோது பன்னிருவரில் ஒன்பதின்மர் 'பயறு' என்றனர். ஏன் என்று வினவினேன். "பொங்கலுக்குப் போடுறது", "கொழுக்கட்டைக்குள்ளை இருக்கிறது" என்றார்கள். கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பெயரோடு உண்ட பொருளின் சொல் மட்டும் அவர்களிடம் தங்கியிருந்தது.

ஒளித்து ஊட்டுகின்றபோது உணவோடு சேர்த்துச் சொல்லையும் ஒளித்துவிடுகிறோம். பத்து ஆண்டுகள் அவரை உண்ட பிள்ளைக்கு அவரை என்ற சொல் தெரியாமற் போகலாம். நாம் சனிக்கிழமை தோறும் மழையிலும் பனியிலும் பேருந்து மாறிப் பிள்ளைகளை அழைத்து வந்து கரும்பலகையில் எழுதிக் காட்டும் சொற்களில் பாதி, நம் குசினியின் போத்தல்களிலும் பேணிகளிலும் கிடக்கின்றன. அவற்றை அங்கே வாய் திறந்து சொல்லாமல் மறைத்துவிட்டு, இங்கே பாடப்புத்தகத்தில் தேடுகிறோம்.

(சொல்லைப் பற்றிப் பேசுகையில் ஒரு சிறு செய்தி, உயர்வகுப்பு மாணவர்க்காக. நாம் தூய தமிழ் என்று எண்ணி வழங்கும் 'பாண்', 'போறணை' இரண்டும் போர்த்துக்கீசர் விட்டுச்சென்றவை. பச்சையாகக் கறிவைக்கும் 'போஞ்சி' ஒல்லாந்தர் தந்த சொல். கறுத்த அவரை, சிவந்த கிட்னி பீன்ஸ், பேக்ட் பீன்ஸ் பேணிக்குள் இருக்கும் வெள்ளை அவரை, நம் போஞ்சி எல்லாம் ஒரே தாவர இனம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 1492 இற்குப் பின்னரே கடல் கடந்து உலகெங்கும் பரவியது. கொக்கோவும் அக்கண்டத்துப் பயிரே. ஆகவே பிரௌனிக்குள் அவரையும் கொக்கோவும் சேர்வது, ஒரே ஊரார் இருவர் அந்நிய நாட்டில் சந்தித்துக்கொள்வது போன்றதுதான்.)

இனி, சற்றுக் கடுமையாகச் சொல்லவேண்டிய ஒன்று. வீட்டிற்குள் ஒளிப்பது பிள்ளையின் நம்பிக்கையோடு விளையாடுவது. பொதுவிடத்தில் ஒளிப்பது உயிரோடு விளையாடுவது. நிலக்கடலை, சோயா, லூப்பின் மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்நாட்டுச் சட்டப்படி கட்டாயம் அறிவிக்கவேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களுள் இம்மூன்றும் அடங்கும். கொண்டைக்கடலையும் பருப்பும் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் அவற்றுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் உண்டு. நிலக்கடலை ஒவ்வாத சிலருக்கு லூப்பினும் ஒவ்வாது. ஜி-6-பி-டி என்னும் நொதியம் பரம்பரையாகக் குறைந்த சிலருக்குப் 'புரோட் பீன்ஸ்' என்னும் பெரிய அவரை குருதிக் கலங்களையே சிதைக்கும். 'இது சும்மா சொக்லேட் கேக்தான் மோனை, சாப்பிடு' என்று அன்போடு நீட்டும் கை எந்தப் பிள்ளைக்கு நீட்டப்படுகிறது என்பதை நாம் அறியோம். சொக்லேட் கேக்கினுள் கடலை இருக்கும் என்று எந்தத் தாயும் தன் பிள்ளையை எச்சரித்து அனுப்பியிருக்க மாட்டாள்.

கிட்னி பீன்ஸ் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. உலர்ந்த விதையைப் பச்சையாகத் திரித்து மாவாக்கிக் கேக்கிற் சேர்க்கும் எண்ணம் எவருக்கேனும் இருப்பின் விட்டுவிடுங்கள். அதில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் சரியாகக் கொதிக்க வைத்தாலன்றி அழியாது. சில விதைகளே கடும் வாந்திக்குப் போதும். கேக் வேகும் சூட்டை நம்பக் கூடாது. மெதுவாய் வேகும் மின்சட்டியையும் நம்பக் கூடாது. இரவு முழுவதும் ஊறவிட்டு, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, பின்னர் பூப்போல வேகும்வரை அவித்தெடுங்கள். பேணியில் வருபவை முன்னரே வெந்தவை, கழுவினாற் போதும்.

என் மனைவிக்கு இக்கட்டுரையின் முற்பகுதியை வாசித்துக் காட்டினேன். "மூன்று நேரமும் ஊட்டுறது நீங்களோ நானோ?" என்று கேட்டார். விடை அறிந்த கேள்வி. இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோற்றோடு பருப்பை மசித்துக் குழைத்து ஊட்டுவதை ஒளிப்பு என்று நான் சொல்லவில்லை. அது ஊட்டும் முறை. வாயில் ஒரு பொருள் படும் தன்மையே தாங்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பெற்றோர் வைத்தியரின் சொற்படி எதைச் செய்தாலும் எனக்கு அதிற் கருத்துச் சொல்ல உரிமையில்லை. நான் பேசுவது, கேட்கத் தெரிந்த, கேட்டால் விளங்கிக்கொள்ளத்தக்க பிள்ளைகளைப் பற்றி.

எனக்குப் பருப்பை மறைக்க மனம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 இல் முகாமில் நாங்கள் உண்டது பெரும்பாலும் சோறும் பருப்பும். வரிசையில் நின்று, எண்ணி ஊற்றப்பட்ட பருப்பு. என்னிடம் ஊரில் படித்த ஒரு மாணவன் தன் கோப்பையில் இருந்ததைத் தங்கைக்கு ஊற்றிவிட்டு, வெறுஞ்சோற்றை என் அருகிலிருந்து உண்டான். அப்பருப்பின் நிறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு பேணி அவரையைப் பத்திரிகையில் சுற்றித் தொட்டியின் அடியில் நான் ஒளித்த ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ உறுத்தியது. உறுத்தியதன் காரணம் மகள் கேட்ட பின்னரே விளங்கியது.

எங்கள் வீட்டுக் கலகம் எவ்வாறு அடங்கிற்று என்று கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேணியை மகளின் கையிற் கொடுத்து, "நீயே செய்" என்றோம். 240 கிராம் அவரையைக் கழுவினாள். மூன்று முட்டை, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், 40 கிராம் கொக்கோ, 120 கிராம் சீனி, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வனிலா. யாவும் ஒன்றாக, ஒரு திப்பியும் இல்லாமல் அரைபடும் வரை அரைத்தோம். 180 பாகை செல்சியஸ் சூட்டில் இருபத்தைந்து நிமிடம். பதினாறு துண்டு. சீனி இப்போது துண்டொன்றுக்கு ஏழரைக் கிராம், கணக்கிட்டவளும் அவளே. சீனி குறைந்தது போதாது என்று முதலிற் சொன்னவன் நான்தான் என்பது வேறு கதை. அவள் ஒரு துண்டை உண்டுவிட்டு, அரைக்காத விதை ஒன்றை எடுத்து வாயிலிட்டாள். "இது ஒண்டுமில்லாத ருசி" என்றாள். துப்பவில்லை. பருப்புக்கறியை இன்னும் தள்ளித்தான் வைக்கிறாள். கடலைச் சுண்டல் மட்டும், தேங்காய்ச் சொட்டு நிறையப் போட்டால், உண்கிறாள்.

செய்த பண்டத்தைத் தமிழ்ப்பள்ளிக்கு எடுத்து வந்தபோது, பெட்டியின் மூடியில் 'கறுத்த அவரைக் கேக்' என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். 'கறுத்த' என்பதில் வல்லின றகரத்துக்குப் பதிலாக இடையின ரகரம். திருத்தினேன். அவளுடைய வகுப்புத் தோழர்கள் வாசித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள், பெரும்பாலோர் எடுத்தார்கள். கடலை ஒவ்வாத ஒரு பிள்ளை, "இது கடலையோ?" என்று கேட்டு, மூடியை மீண்டும் வாசித்து, தாயாரிடம் கேட்டு வர ஓடிற்று.

எனவே இவ்வாண்டு விழாவின் சிற்றுண்டி மேசைக்குப் பண்டம் கொண்டுவரும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பண்டத்தின் பெயரையும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதி அருகே வையுங்கள். எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. மண்டபத்தின் நுழைவாயிலுக்கு இடப்பக்கமுள்ள சிறு மேசையில், வெட்டிய அட்டைகளும் தடித்த பேனாக்களும் வைத்துக்கொண்டு காலை ஒன்பது மணியிலிருந்து நான் இருப்பேன்.